அவன்ரை கொம்பியூட்டர்

குருநகரில் அன்ரி ஒருவரின் வீட்டு முன்னறையை வாடகைக்கு எடுத்து நான் கொம்பியூட்டர் திருத்தும் கடை தொடங்கிய முதல்நாள், மதியம் சாப்பிட்ட பெட்டியை மேசைக்கடியில் மறந்துவிட்டு வந்துவிட்டேன். என் வீடு ஒன்பது பத்து மைல் தள்ளிப் புத்தூரில். வந்து முகம் கழுவித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது வாசல் படலையில் யாரோ கூப்பிடுவது கேட்டது. மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஆரோ ஒரு மனுசி. உங்கடை சாப்பாட்டுப் பெட்டியோடை நிக்கிறா."

வீட்டுக்கார அன்ரிதான். குருநகரிலிருந்து பஸ் நிலையம்வரை நடந்து, பருத்தித்துறை பஸ் ஏறி, புத்தூர்ச் சந்தியில் இறங்கி, கொம்பியூட்டர் திருத்துகிறவரின் வீடு எது என்று கடை கடையாக விசாரித்து வந்திருந்தார். பெட்டி கழுவித் துடைத்து ஒரு பைக்குள் இருந்தது.

"நாளைக்கு நான் வரேக்கை தந்திருக்கலாமே, அன்ரி?"

"நாளைக்கு நீ எதிலை சோறு கொண்டு வருவாய்?"

வீட்டில் வேறு பெட்டி இருக்கிறது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவி உள்ளே வரச் சொன்னாள். பஸ் போய்விடும் என்று சொல்லி, படலைக்கு உள்ளே ஒரு காலைக்கூட வைக்காமல் திரும்பிப் போனார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. குருநகரின் அந்தக் குறுகிய ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் அன்ரிதான். அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். குள்ளமான உருவம், விறுவிறுவென்ற நடை, கழுத்தில் கறுப்பு நூலில் கோத்த சின்ன மாதா சுரூபம். கணவர் கடலுக்குப் போய்வந்தவர், நோயில் படுத்து இறந்துவிட்டார். அதிகாலையில் இறால் தரம்பிரிக்கும் கொட்டகையில் வேலை, பிறகு கோயில், பிறகு வீடு. பத்து மணிக்கு நான் கடையைத் திறக்கும்போது முற்றம் கூட்டி முடித்திருப்பார்.

பிறருடைய பொருள் ஒன்று அவருடைய வீட்டில் ஒரு இரவு தங்கினால் அவருக்கு நித்திரை வராது. பக்கத்து வீட்டுக் கொடியிலிருந்து பறந்து வந்த சேட்டோ, பூசை முடிந்து கோயில் வாங்கில் கிடந்த குடையோ, உரியவர் கைக்குப் போய்ச் சேரும்வரை அந்தரப்பட்டுக்கொண்டு திரிவார். ஒருமுறை மாரி வெள்ளத்தில் ஒழுங்கை முழுவதும் சட்டி பானையெல்லாம் மிதந்தபோது, முழங்கால் தண்ணீரில் நின்று ஒவ்வொன்றாகப் பிடித்து, வீடு வீடாக "இது உங்கடையோ?" என்று கேட்டுக்கொண்டு போனார். தன்னுடைய குசினிக்குள் தண்ணீர் போய்க்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

வீட்டின் நடு அறையில் ஒரு தையல் மெசின் துணி போர்த்தி நின்றது. அவர் தைப்பதை நான் கண்டதில்லை. ஒருநாள் கேட்டேன்.

"அது எங்கடையில்லைத் தம்பி."

சண்டைக் காலத்துப் பெரிய இடப்பெயர்வில் ஊரே வெளிக்கிட்டுப் போனபோது அவரும் கணவரும் பிள்ளையும் ஒரு உரப்பையில் அள்ளியதோடு போனார்களாம். பல மாதம் கழித்து வந்து பார்த்தபோது கதவும் இல்லை, யன்னலும் இல்லை, அலுமாரியும் இல்லை. ஆனால் நடு அறையில் இந்த மெசின் மட்டும் நின்றிருக்கிறது. யாரோ தூக்கிக்கொண்டு வந்து, மேலே கொண்டுபோக முடியாமல் விட்டுவிட்டுப் போன மெசின்.

"எத்தினை பேரிட்டைக் கேட்டன். கோயில்லை ஃபாதரைக்கொண்டு சொல்லுவிச்சன். நாவாந்துறைப் பக்கம்கூடப் போய்க் கேட்டனான். ஒருத்தரும் வரேல்லை. என்ரை சாமான் எல்லாம் ஆற்றை வீட்டிலை கிடக்குதெண்டு எனக்குத் தெரியாது. உதுவும் ஆருக்கோ அப்பிடித்தானே?"

வருடத்துக்கு ஒருமுறை அதற்கு எண்ணெய் விடுவார். வந்து கேட்கிறவருக்கு அது இறுகிப்போய் இருக்கக்கூடாதாம்.

கேட்க நல்லாகத்தான் இருக்கும். பழகிப் பார்த்தால் கொஞ்சம் கஷ்டம். நான் புத்தூரிலிருந்து மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தால் அடுத்தநாள் காலையில் என் மேசையில் ஒரு கடதாசிச் சரை இறால் கருவாடு இருக்கும். மனைவி பால்மா ரின்னில் பலகாரம் போட்டு அனுப்பினால் அன்று பின்னேரமே ரின் திரும்பிவிடும், வெறுமையாக அல்ல. நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு சேலை கொடுத்தோம். தை பிறந்து பொங்கலன்று அதேபோல ஒரு சேலை என் மனைவிக்கு வந்தது.

"உந்த மனுசியோடை உறவு கொண்டாடேலாதப்பா," என்றாள் மனைவி. "எதையும் வைச்சிருக்கமாட்டா. எல்லாத்தையும் தந்து முடிச்சிட்டுத் துடைச்சுக்கொண்டு நிக்கிறா. எனக்கு ஒருமாதிரிக் கிடக்கு."

எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியதுண்டு.

அவருக்கு ஒரே மகன். கல்யாணவீடு, முதல்நன்மை என்று வீடியோ எடுத்து, அதை வெட்டி ஒட்டிப் பாட்டுப் போட்டுக் கொடுக்கிற வேலை. அந்த வேலைக்கு வலுவான கொம்பியூட்டர் வேண்டுமென்று என் கடையிலேயே இருந்து ஒவ்வொரு பாகமாகத் தேடிப் பொருத்தினான். கறுப்பு நிற உயரமான பெட்டி, பத்தொன்பது அங்குல மொனிற்றர், தமிழ் எழுத்து ஒட்டிய கீபோர்ட். அதை முதன்முதலில் போட்டு வெளிச்சம் வந்தபோது, "அம்மா, இஞ்சை வந்து பாருங்கோ" என்று கத்தினான். அவர் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனார்.

இரண்டு வருடத்தில் அவன் பிரான்சுக்கு வெளிக்கிட்டான். ஏஜென்சிக்காரன் ஒரு சின்னப் பைதான் கொண்டுவரலாம் என்று சொல்லியிருந்தான். அன்ரி அவனுடைய சாமான் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலில் அடுக்கினார். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடச் சான்றிதழ், ஞானஸ்நானப் பதிவு, சின்ன வயதில் போட்ட வெள்ளி அரைஞாண். எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் வைத்தார். கொம்பியூட்டர் மட்டும் மிஞ்சியது.

வெளிக்கிடுகிற அன்று அவன் என் கடைக்குள் வந்து நின்றான்.

"அண்ணை, நான் இல்லாத நேரம் அம்மா சொன்னாலும் உந்தக் கொம்பியூட்டரைக் கழட்டி ஆருக்கும் குடுத்திடாதையுங்கோ. நான் வந்து உதிலைதான் வேலை செய்வன்."

"நீ வரேக்கை உதிலை ஒண்டும் ஓடாதடா," என்றேன். சிரித்தான். நானும் சிரித்தேன்.

எட்டு வருடம் போனது. அவனுக்கு விசா இழுபட்டுக்கொண்டே இருந்தது. உணவகம் ஒன்றில் கோப்பை கழுவினான், பிறகு அங்கேயே சமைத்தான். அங்கே ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளையைக் கட்டினான். கல்யாணத்தை நாங்கள் என் கடைக்குள் இருந்து போனில் பார்த்தோம். இந்த எட்டு வருடமும் அன்ரி சனிக்கிழமை தவறாமல் அவனுடைய அறையைத் திறந்து, பழைய பருத்திச் சேலைத் துண்டால் அந்தக் கொம்பியூட்டரைத் துடைத்தார். போட்டுப் பார்க்கச் சொல்லி ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கோயில் பிள்ளைகள் படிப்பதற்குக் கொடுக்கலாமே என்று ஒருதடவை சொன்னேன்.

"அது அவன்ரை," என்றார். கதை அத்தோடு முடிந்தது.

பிறகு ஒருநாள் அவனுடைய விசா சரிவந்தது. அவன் மனைவிக்குப் பிள்ளை கிடைக்க இருந்தது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் வந்து நிற்கவேண்டும் என்று கேட்டு, மூன்று மாத விசாவுக்கு ஒழுங்கு செய்தான். விசா குத்திய பாஸ்போட் கையில் வந்த அன்று அன்ரி என் கடை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, கொம்பியூட்டரைப் பிளேனிலை கொண்டு போகலாமோ?"

யாரோ வெளிநாட்டிலிருந்து அனுப்பப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர் மகனுடைய அறையைக் கையால் காட்டினார்.

"அன்ரி, பத்து வருசத்துப் பழசு. அங்கை அவனிட்டை இதைவிட நல்லது இருக்கும்."

"இருக்கட்டும். அது வேறை. உது எட்டு வருசமா என்னட்டைக் கிடக்குது. நேரை போறன், கையோடை குடுத்திடலாம்தானே?"

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கொண்டுபோகத் தடையில்லை. ஆனால் பாரம். பொதியைத் தூக்கி எறிவார்கள், உள்ளே உள்ள பாகங்கள் கழன்று விழும். அவன் எடுத்த படமெல்லாம் இருப்பது ஹாட் டிஸ்க்கில்தான். அதை மட்டும் கழற்றித் தருகிறேன், சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், கைப்பையில் வைத்துக்கொண்டு போகலாம் என்றேன்.

அவர் யோசித்தார்.

"ஒரு துண்டைக் கொண்டுபோய்க் குடுத்தா, மிச்சம் ஆற்றை?"

 "அவனுக்குச் சொன்னனீங்களோ?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா வேண்டாமெண்டுவான். சொல்லாதை."

அந்த நேரம் அவன் வெளிக்கிடும்போது என் கடைக்குள் நின்று சொன்னது எனக்கு நினைவு வரவில்லை என்று எழுதினால் பொய். வந்தது. வேலை செய்கிற ஆசையில் சின்ன வயதில் சொன்னது, இப்போது அவன் குடும்பக்காரன், என்று நானே அதை ஒதுக்கிவிட்டேன்.

இரண்டு நாள் இருந்து கட்டினோம். பெட்டியைத் திறந்து, உள்ளே விசிறியோடு இருந்த கனமான அலுமினியக் கட்டியைக் கழற்றி எடுத்தேன். அது உள்ளே கிடந்து ஆடினால் பலகையையே உடைத்துவிடும். கிராபிக்ஸ் கார்டைக் கழற்றி, மின் பிடிக்காத உறைக்குள் போட்டு வேறாகச் சுற்றினேன். எந்த வயர் எங்கே போகவேண்டும் என்று போனில் படம் எடுத்து வைத்தேன். பெட்டிக்குள் இருந்த வெற்றிடத்தைப் பேப்பர் சுருட்டி நிரப்பப் போனபோது அன்ரி தடுத்தார்.

"இடம் சும்மா போகக்கூடாது."

பழைய சேலைகளைக் கிழித்துப் பேரப்பிள்ளைக்கென்று அவர் தைத்து வைத்திருந்த துணிகளைக் கொண்டுவந்தார். கையால்தான் தைத்திருந்தார். நான் பலகைக்கு மேலே அட்டை வைத்து மறைத்துவிட, அவர் அந்தத் துணிகளை மடித்து மடித்து உள்ளே அடைத்தார். மொனிற்றர் இரண்டு தலையணைகளுக்கு நடுவே சூட்கேசுக்குள் போனது. ஹாட் டிஸ்க் துவாயில் சுற்றிக் கைப்பைக்குள். பிரான்ஸ் கரண்டில் இது வேலை செய்யுமா என்று கேட்டார். கரண்ட் ஒன்றுதான், பிளக்கின் கால்தான் வேறு என்று சொல்லி, அதற்கான வயரையும் வைத்தேன்.

முப்பது கிலோ கொண்டுபோகலாம். நிறுப்பதற்குத் துறைமுகப் பக்கம் மீன் நிறுக்கிற தொங்கு தராசுக்குக் கொண்டுபோனோம். தராசுக்காரர் அந்த அட்டைப் பெட்டியைக் கொழுவியில் மாட்டிவிட்டு எங்களைப் பார்த்தார்.

"அக்கா, உது எந்தக் கடல்லை பட்ட மீன்?"

அன்ரி சிரிக்கவில்லை. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாம் சேர்ந்து முப்பத்தாறு. வீட்டுக்கு வந்து, மருமகள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒடியல் மா, பனங்கட்டி, இடித்த மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். தன்னுடைய சேலையில் நாலை விட்டுவிட்டு மிச்சத்தையும் எடுத்தார். கொம்பியூட்டர் அப்படியே இருந்தது.

கட்டுநாயக்கா விமானநிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் பொதிகளைச் சோதிக்கிற இடத்தில் சீருடை போட்ட ஒருவர் திரையைப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தால் உள்ளே குழந்தைத் துணி. துணியை விலக்கினால் கொம்பியூட்டர். அவர் கொஞ்சம் தமிழ் கதைத்தார்.

"அம்மா, இது யாருடையது?"

"என்ரை மகன்ரை."

"மகன் எங்கே?"

"பிரான்சிலை."

"அங்கே கொம்பியூட்டர் இல்லையா?"

"இருக்கும் ஐயா. அவன்ரை இதுதானே."

அவர் என்னைப் பார்த்தார்.  ஒரு கடதாசித் துண்டால் பெட்டியைத் துடைத்து, வெடிமருந்து பட்டிருக்கிறதா என்று மெசினில் வைத்துப் பார்த்தார். பிறகு அந்தத் துணிகளைத் தானே மறுபடி மடித்து உள்ளே வைத்து, மூடி, ஒட்டுப்பட்டி போட்டுக் கொடுத்தார். "கவனமாகப் போங்கள் அம்மா" என்றார்.

நடுவில் பிளேன் மாறுகிற இடத்தில் ஆறு மணித்தியாலம். கைப்பையை மடியிலேயே வைத்துக்கொண்டு இருந்தாராம். "கக்கூசுக்கும் கொண்டு போனனான்" என்று பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் மகன் போன் எடுத்தான். நான் அந்த அழைப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்திருந்தால் அதில் என் கையும் இருக்கிறதுதானே.

"அண்ணை, நீங்களோ கட்டிக் குடுத்தனீங்கள்?"

"ஓமடா. எப்பிடி, ஒண்டும் உடையேல்லையே?"

"உடையேல்லை."

அவன் வேலைக்குப் போகிற வழியில் நின்று கதைத்தான். பின்னால் ரெயில் சத்தம் கேட்டது. 

"வந்து சப்பாத்துக்கூடக் கழட்டேல்லை அண்ணை. பெட்டியைத் திறந்து, 'இந்தா உன்ரை சாமான், எல்லாம் சரியோ பார்' எண்டா. நான் பாத்ரூமுக்குள்ளை போய்த் தண்ணியைத் திறந்துவிட்டிட்டு இருந்தன்."

"ஏனடா?"

"எட்டு வருசம் அண்ணை. கோப்பை கழுவேக்கையும் சரி, விசா இல்லையெண்டு கடிதம் வரேக்கையும் சரி, எனக்கு ஒரு நினைப்பு. வீட்டிலை என்ரை அறை கிடக்குது. மேசையிலை என்ரை கொம்பியூட்டர் கிடக்குது. அம்மா சனிக்கிழமை துடைக்கிறா. போய்க் கதிரையை இழுத்துப்போட்டு இருக்கவேண்டியதுதான். இப்ப அங்கை எனக்கு என்ன கிடக்குது, சொல்லுங்கோ பாப்பம்? நான் இனி வரமாட்டன் எண்டு அம்மா முடிவு கட்டிப்போட்டா. அதைத்தான் கட்டிக்கொண்டு வந்து கையிலை தந்திருக்கிறா."

அப்படியில்லை என்று சொன்னேன். தாயின் குணம் உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றான். தெரிந்ததால்தான் நோகுது என்றான். தாய்க்கு இதைச் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினான். 'எல்லாத்தையும் தந்து முடிச்சிட்டுத் துடைச்சுக்கொண்டு நிக்கிறா' என்று என்னுடைய மனைவி முன்பு சொன்ன வார்த்தை எனக்கு ஓடி வந்தது. அவனிடம் அதைச் சொல்லவில்லை.

கொம்பியூட்டர் அந்தச் சின்ன வீட்டில் கதவுக்குப் பின்னால் பெட்டியோடு கிடந்தது. பேத்தி பிறந்தாள். குளிக்க வார்ப்பதும் தூங்கவைப்பதுமாக இருந்த அன்ரி இடைக்கிடை மகனைக் கேட்டாராம், "தம்பி, உதை இன்னும் பொருத்திப் பூட்டேல்லையோ?" நேரமில்லை அம்மா என்பானாம். ஒருமாதம் இப்படிப் போனது. ஒருநாள் மருமகளிடம் கேட்டிருக்கிறார். "ஏன் பிள்ளை, அவன் உதைத் திரும்பியும் பாக்கிறானில்லை?" அந்தப் பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அன்று கடையில் ஆள் இருந்த நேரம் எனக்கு அன்ரியின் அழைப்பு வந்தது.

"தம்பி, அவன் என்ன நினைச்சவனெண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம் அன்ரி."

"எப்ப தொட்டு?"

"நீங்கள் போன மூண்டாம் நாள்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

 திருத்தக் கொண்டுவந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே போய் நின்றார்.

"அவன்ரை சாமானை அவனிட்டைச் சேர்த்தா அவனுக்குச் சந்தோசமா இருக்குமெண்டு நினைச்சன். நான் அவனைப் போவெண்டு சொன்னமாதிரி ஆயிட்டுது," என்றார். அவருடைய குரல் அப்படித் தளர்ந்து நான் கேட்டதில்லை. கணவரின் செத்தவீட்டு நாளிலும் வந்தவர்களின் செருப்பு மாறிப்போகாமல் பார்த்துக்கொண்டு நின்றவர் என்று ஊரில் சொல்வார்கள்.

"இப்ப என்ன செய்யிறது அன்ரி?"

"தெரியேல்லை. யோசிக்கிறன்."

இரண்டு நாள் யோசித்திருக்கிறார். அதன் பிறகு நடந்ததை மகன் எனக்குச் சொன்னான். அவன் வேலையால் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அன்ரி குசினி வாசலில் வந்து நின்றாராம். ஏதோ கேட்க வெட்கப்படுகிறவர்போல சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாராம்.

"தம்பி, உன்னட்டை ஒண்டு கேக்கவேணும்."

"என்னம்மா?"

"உந்தக் கொம்பியூட்டரை எனக்கு இரவல் தருவியோ?"

அவனுக்கு விளங்கவில்லை. "நீங்கள் அதிலை என்ன செய்யப் போறியள்?"

"உன்ரை அறையிலை, உன்ரை மேசையிலை வைச்சிருக்கப் போறன். நீ வந்து கேக்கேக்கை தருவன். நீ வராமல் தரமாட்டன்."

"அண்ணை," என்றான் என்னிடம், "அம்மா ஒருத்தரிட்டையும் உப்புக்கூட இரவல் வாங்கினதை நான் பாக்கேல்லை."  சாப்பிட்ட கையோடேயே எழும்பிப் போய்த் தாயைக் கட்டிப் பிடித்தானாம்.

இந்தமுறை அவனே கட்டினான். முன்பு துணி இருந்த இடத்தில் பேத்திக்குச் சின்னதாகிப்போன உடுப்புகளை அடைத்தானாம். விமானநிலையத்தில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்த அன்ரி என்னைக் கண்டதும், சுகமோ என்றுகூடக் கேட்கவில்லை.

"மொனிற்றர் என்ன பாடோ தெரியாது. கீழை போட்ட சத்தம் கேட்டது."

வீட்டில் வைத்துப் பொருத்திப் பார்த்தபோது பெட்டி வேலை செய்தது. மொனிற்றரில் மேலிருந்து கீழாகப் பச்சை நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அன்ரிக்கு முகம் கறுத்துவிட்டது. இரவல் வாங்கின சாமான், உடனே வேறு மொனிற்றர் வாங்கி வை என்றார். அவனைக் கேட்காமல் மாற்றக்கூடாது என்றேன். போன் எடுத்துக் கேட்டார்.

"விடுங்கோ அம்மா," என்றான் அவன். "கோடு இருந்தாலும் படம் தெரியும்தானே."

இரண்டு வருடம் கழித்து அவன் மனைவியோடும் மகளோடும் வந்தான். மூன்று கிழமை நின்றான். வந்த அன்று பயணக் களைப்போடு நேரே அந்த அறைக்குள் போய், கதிரையை இழுத்துப்போட்டு இருந்தான். அன்ரி வாசலில் நின்று, "இந்தா, உன்ரை" என்றார். அவன் தலையை மட்டும் ஆட்டினான். மகளின் பிறந்தநாளை அந்த வீட்டில் கொண்டாடி, வீடியோ எடுத்து, பழையபடி அதில் இருந்து வெட்டி ஒட்டினான். எதைச் செய்யச் சொன்னாலும் அந்தக் கொம்பியூட்டர் முக்கி முனகி ஐந்து நிமிடம் எடுத்தது. அவன் கோபிக்கவில்லை. பாட்டுப் போட்டு முடித்து, ஒழுங்கைச் சனத்தையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினான். எல்லோருடைய முகத்துக்குக் குறுக்காகவும் பச்சைக் கோடு ஓடியது.

திரும்பிப் போகிற நாளில் காலை எட்டு மணிக்கு வான் வந்தது. நான் சூட்கேசுகளை ஏற்றிக்கொண்டு நின்றேன். பேத்தி அழ, மருமகள் அழ, சனம் கூடி நின்று வழியனுப்பியது. அன்ரி கடைசியாக ஒருதரம் அறைகளைப் பார்த்துவர உள்ளே போனார். ஏதாவது விடுபட்டிருக்கிறதா என்று அவர் பார்ப்பார் என்று எல்லோருக்கும் தெரியும். மறந்துபோன பல்தூரிகைக்காகக்கூட வானை நிறுத்திவிடுவார் என்று யாரோ பகிடி விட்டார்கள்.

நானும் பின்னால் போனேன். மகனுடைய அறையில் கதிரை முதுகில் அவனுடைய குளிர் ஜக்கெற் தொங்கியது. கறுப்பு நிறம், மொத்தமான துணி. அங்கே அப்போது கடும் குளிர்காலம். நான் எட்டி அதை எடுக்கப் போனேன். அன்ரி என் மணிக்கட்டைப் பிடித்தார். இறால் கொட்டகை வேலை செய்த கை, நல்ல இறுக்கமான பிடி.

"விடு தம்பி."

வெளியே வான் ஹோர்ன் அடித்தது. அன்ரி அறைக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் போனார். "ஒண்டும் விடுபடேல்லையே அம்மா?" என்று அவன் வானுக்குள் இருந்து கேட்டான். "போட்டு வா ராசா, மாதா துணை" என்றார். வான் ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டு நின்றார். அதன் பிறகு முன்னறை வாங்கில் வந்து இருந்தார். அன்று அவர் கோயிலுக்குப் போகவில்லை, ஒன்றும் சாப்பிடவும் இல்லை.

பின்னேரம் கட்டுநாயக்காவிலிருந்து அவன் போன் எடுத்தான். என்னுடைய போன். சத்தமாகக் கேட்கும்படி போட்டு அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன்.

"அம்மா, என்ரை ஜக்கெற்றை அங்கை விட்டிட்டு வந்திட்டன் போல கிடக்கு."

"ஓம். கண்டனான்."

"எப்ப கண்டனீங்கள்?"

"வான் வெளிக்கிட முன்னம்."

 எங்கோ பெண்குரல் ஒன்று விமான இலக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"இறங்கினவுடனை குளிருமடா உனக்கு," என்றார் அன்ரி. "கடையிலை ஒண்டு வாங்கிப் போடு."

"சரி அம்மா," என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. "அது அங்கையே கிடக்கட்டும்."